மலைக்கு மேலே ஒரு காலண்டர், கீழே ஒரு காலண்டர்

கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் உள்ள ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் நான் சில வருடம் கணக்கு எழுதினேன். செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஜீப் கிளம்பும் நேரத்தில், ஓர் அக்கா வந்து, "தம்பி, திங்கக்கிழமையிலிருந்து ஒரு வாரம் வரமாட்டேன். பிள்ளைகளுக்குக் காலாண்டு லீவு விட்டாச்சு" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற இன்னும் ஆறு பேரும் அதையே சொன்னார்கள்.

அடுத்த வாரம் ஏழு பெயருக்கு நேராக ஆறு நாளும் 'ஆப்சென்ட்' போட்டேன். காய் எடுப்பு உச்சத்தில் இருந்த நேரம் அது. "சீசன்ல இப்படிக் காலை வாரி விடுறாங்களே" என்று கங்காணி புலம்பினார். கட்டப்பனையில் இருந்த முதலாளி போனில், "இந்த வாரம் என்ன லீவு? இங்கே ஸ்கூல் நடக்குதே" என்று கேட்டார். அவருடைய பிள்ளைகள் அன்று காலைதான் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போயிருந்தார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒரு விடுமுறை இருப்பது அவருக்கு உண்மையிலேயே தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மாதம் முன்னால் அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகளின் லீவு அந்தந்த அம்மாவின் வீட்டுப் பிரச்சினை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பள்ளி விடுமுறைக் காலத்தில் வேலை பார்க்கும் பெற்றோருக்கு முதலாளி எப்படிக் கைகொடுக்கலாம் என்று கேட்டால், பெரிய நகரங்களில் சொல்லும் பதில்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. வீட்டிலிருந்து வேலை செய்ய விடலாம், வேலை நேரத்தை மாற்றித் தரலாம், அலுவலகத்திலேயே கோடை முகாம் நடத்தலாம். அதிகாலையில் ஜீப் ஏறி மலைக்குப் போய், இருட்டும் நேரத்தில் வீடு திரும்பும் பெண்ணுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. எல்லையோரத்தில் இந்தக் கேள்விக்கு வேறு ஒரு முடிச்சும் இருக்கிறது. வேலை ஒரு மாநிலத்துக் காலண்டரில் நடக்கிறது, பள்ளி இன்னொரு மாநிலத்துக் காலண்டரில் நடக்கிறது.

இரண்டு மாநிலம், இரண்டு விடுமுறை

கம்பம், கூடலூர், புதுப்பட்டி, உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடி. தேனி மாவட்டத்தின் இந்த ஊர்களிலிருந்து பெண்கள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்ற மூன்று மலைப்பாதைகள் வழியாக இடுக்கியின் ஏலமலைக்குத் தினமும் போய் வருகிறார்கள். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. எல்லை விழுந்த பிறகும் வேலைக்குப் போகும் வழி மாறவில்லை. பள்ளிக்கூடத்தின் நாள்கணக்கு மட்டும் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

கேரளத்தில் பள்ளிகள் மார்ச் கடைசியில் மூடி, ஜூன் முதல் தேதியை ஒட்டித் திறக்கும். தமிழ்நாட்டில் ஏப்ரல் முழுக்கத் தேர்வு இழுத்துக்கொண்டு போகும். கோடை விடுமுறை பெரும்பாலும் மே மாதத்தில்தான். திறக்கும் தேதியும் வெயிலைப் பார்த்து நகரும். 2023இல் ஜூன் 12ஆம் தேதி மேல்வகுப்புகளுக்கும், 14ஆம் தேதி தொடக்க வகுப்புகளுக்கும் திறந்தார்கள். 2024இல் ஜூன் 10ஆம் தேதி திறந்தது. ஜூன் முதல் வாரம் வேலைக்கு வருகிறேன் என்று மே மாதமே சொல்லிவைத்த அம்மா, இப்படித் தேதி தள்ளிப்போகும்போது சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாமல் நிற்கிறார்.

ஓணம் வந்தால் கேரளத்தில் பள்ளிகளுக்குப் பத்து நாள் விடுமுறை. தோட்டத்திலும் வேலை நிற்கும். அப்போது கம்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா வீட்டில் இருக்கிறாள், பிள்ளை பள்ளியில் இருக்கிறது. சில வாரம் கழிந்து, செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை தமிழ்நாட்டில் காலாண்டு விடுமுறை வரும்போது எல்லாம் தலைகீழாகிறது. கேரளத்தில் நவராத்திரியை ஒட்டி வரும் பூஜை வைப்புக்கு இரண்டு மூன்று நாள்தான் பள்ளி இருக்காது. பொங்கலுக்குத் தமிழ்நாட்டில் தொடர்ந்து சில நாள் விடுமுறை என்றால், கேரள அரசு திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டா, இடுக்கி, பாலக்காடு, வயநாடு ஆகிய ஆறு மாவட்டங்களுக்கு ஒரு நாள் உள்ளூர் விடுமுறை தருகிறது. நல்ல வழக்கம் அது. மாட்டுப்பொங்கலன்று ஜீப் வந்துவிடும். கிறிஸ்துமஸை ஒட்டி அரையாண்டு விடுமுறை இரண்டு மாநிலத்திலும் ஏறக்குறைய ஒன்றாக வருகிறது.

இதில் காலாண்டு விடுமுறைதான் மிகவும் சிக்கலானது. ஏலக்காய் எடுப்பு ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை நீண்டாலும், செப்டம்பரிலிருந்து நவம்பர் வரைதான் கை ஓயாத காலம். ஒவ்வொரு செடிக்கும் 30 முதல் 45 நாளுக்கு ஒரு சுற்று போக வேண்டும். செடியின் அடியிலிருந்து கிளம்பும் சரத்தில் எல்லாக் காயும் ஒரே நேரத்தில் முற்றாது. முற்றி, பழுப்பதற்குச் சற்று முன்னால், பச்சை நிறத்தோடு இருக்கும் காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். பழுக்க விட்டுவிட்டால் காயவைக்கும்போது வெடித்துவிடும், நிறம் போய்விடும், ஏலத்தில் விலை இறங்கும். எந்தக் காயை எடுக்க வேண்டும், எதை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும் என்பது கைப்பழக்கத்தில் வருவது. புதிய ஆளைப் பிடித்து ஒரு வாரத்தை ஓட்டிவிட முடியாது. முதலாளிக்கு அனுபவப்பட்ட கை மிகவும் தேவைப்படும் அதே வாரத்தில்தான், அந்தக் கைக்குச் சொந்தக்காரி பிள்ளைகளோடு வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கஷ்டம் அதிகம். அதனால் ஊரெல்லாம் கோடையைப் பற்றித்தான் பேசுகிறோம். வேலை கெடுவது காலாண்டில்தான்.

எழுபது நாள்

கணக்கு எழுதிய பழக்கத்தில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 220 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை 200 நாள் போதும். 220 என்றே வைத்துக்கொள்வோம். மீதி 145 நாள். அதில் ஞாயிற்றுக்கிழமை 52 போனால் 93. தமிழ்நாட்டுச் சட்டப்படி தொழில் நிறுவனங்கள் தர வேண்டிய தேசிய, பண்டிகை விடுமுறை 9 நாள், போனால் 84. வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் 1 நாள் சம்பளத்தோடு விடுப்பு என்ற கணக்கில், 280 நாள் வேலை செய்தவருக்கு 14 நாள் கிடைக்கும். அதையும் கழித்தால் 70.

ஆண்டுக்கு எழுபது நாள் பிள்ளை வீட்டில், அம்மா வேலையில். இது எல்லாச் சலுகையும் ஒழுங்காகக் கிடைக்கும் நிரந்தரத் தொழிலாளியின் கணக்கு. நான் இருந்த இடத்தில் ஜீப்பில் வந்தவர்களுக்குச் சம்பள விடுப்பு கிடையாது, வந்த நாளுக்குத்தான் கூலி. அவர்கள் வீட்டில் இருந்தால் பிள்ளையின் லீவு கூலி இல்லாத நாளாகிறது. வேலைக்கு வந்தால் பிள்ளை தனியாக இருக்கிறது.

கூட்டுக் குடும்பம் இருக்கிறதே, பாட்டி பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. பல வீடுகளில் பாட்டியும் அதே ஜீப்பில்தான் வருகிறார்.

ஆறு வயதோடு நிற்கும் சட்டம்

வேலையிடத்தில் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், பிறகு வந்த திருத்தத்தோடு சேர்த்து, 50 பெண் தொழிலாளர்களோ அவர்களுடைய 20 குழந்தைகளோ இருந்தால் தோட்டத்தில் காப்பகம் கட்டாயம் என்றது. ஒப்பந்தக்காரர் மூலம் வரும் பெண்களும் இந்தக் கணக்கில் உண்டு. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றார்கள். பழைய தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்து 2020க்குள் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நான்கு சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. காப்பகம் அதிலும் இருக்கிறது.

தொழிற்சாலையானாலும் தோட்டமானாலும், காப்பகம் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான். ஆறு வயதுக்குப் பிறகு பள்ளி பார்த்துக்கொள்ளும் என்பது எழுதாமல் விட்ட கணக்கு. பள்ளி மூடியிருக்கும் நாளில் ஏழு வயதுப் பிள்ளையை யார் பார்ப்பது என்பதற்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை. அங்கன்வாடியும் ஆறு வயதோடு நின்றுவிடுகிறது. ஆறிலிருந்து பதினான்கு வரை, லீவு நாளில், பிள்ளைகள் யாருடைய பேரேட்டிலும் இல்லை. முதலாளிகள் செய்ய வேண்டியதைப் பற்றி இங்கே எழுதுவதற்கு அதுதான் காரணம். சட்டம் கேட்காத இடத்தில் முதலாளியின் மனதும் புத்தியும்தான் வேலை செய்ய வேண்டும்.

அந்தப் பேரேட்டுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதை ஜீப்பில் வருகிறவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். முதலில் சாப்பாடு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மதியச் சத்துணவு பல பத்தாண்டு வழக்கம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டமும் வந்த பிறகு, ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளை இரண்டு வேளை பள்ளியில் சாப்பிடுகிறது. இருட்டோடு ஜீப் ஏறும் அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும். பள்ளி மூடினால் அந்த இரண்டு வேளையும் நிற்கிறது. அன்றைக்கு அவர் இரண்டரை மணிக்கு எழுந்து சோறாக்கி மூடிவைத்துவிட்டு வருகிறார். வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பள்ளியில் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் உத்தரவிட்டது. லீவு விட்டாலும் பசி லீவு எடுக்காது என்று நீதிமன்றமே ஒத்துக்கொண்ட விஷயம் அது.

அப்புறம் தண்ணீர். கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறும், வாய்க்கால்களும், தோட்டத்துக் கிணறுகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. லீவு நாளில் பையன்கள் அங்கேதான் போவார்கள். வேலை செய்துகொண்டிருக்கும் அம்மாவின் கை காயில் இருந்தாலும் மனசு ஆற்றங்கரையில் இருக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது மூத்த பெண் பிள்ளை. "பெரியவ பாத்துக்குவா" என்று ஜீப்பில் சாதாரணமாகச் சொல்வார்கள். அந்தப் பெரியவளுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது. தம்பி தங்கைகளுக்குச் சோறு போட்டு, துணி துவைத்து, தண்ணீர் பிடித்து, பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறாள். வகுப்பில் மற்றவர்களுக்குக் கிடைக்கும் விடுமுறை அவளுக்கு மட்டும் வேலைக் காலம். முதலாளி கூலி கொடுக்காத ஓர் ஆள் அந்தத் தோட்டத்தின் வேலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கீழே ஒரு வீட்டில் இருக்கிறாள் என்று நான் சொல்வது மிகையாகப் படலாம். அவள் அங்கே இல்லையென்றால் அவள் அம்மா இங்கே இல்லை.

சில அம்மாக்கள், "பிள்ளையைக் கூட்டிட்டு வந்துரட்டுமா" என்று கேட்பார்கள். இதில் முதலாளிகள் இரக்கப்பட்டுச் சரி என்று சொல்லிவிடக் கூடாது. ஏலத்தோட்டத்தில் பூச்சி மருந்து அடிக்கடி அடிக்கிறார்கள். செடி நடுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறது. இன்னொன்று, வந்த பிள்ளை சும்மா இருக்காது, அம்மாவின் கூடையில் நாலு காய் பறித்துப் போடும். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலையில் வைக்கக் கூடாது என்பது சட்டம். 2016ஆம் ஆண்டுத் திருத்தம், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கு தந்தது. அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு வாதாடுவோர் உண்டு. அடுத்தவர் தோட்டம் அம்மாவின் குடும்பத் தொழில் ஆகாது. அம்மாவுக்கு உதவி என்ற பெயரில் வந்தாலும் அது பிள்ளை வேலைதான்.

ஏழு பேர் கண்ட வழி

மறு வருடம் ஆகஸ்டிலேயே தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறைத் தேதிகளை எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். அலுவலகச் சுவரில் மலையாளக் காலண்டருக்குப் பக்கத்தில் தமிழ்க் காலண்டர் ஒன்றையும் மாட்டினோம். அவர் செய்த முதல் காரியம், காய் எடுப்புச் சுற்றை நான்கைந்து நாள் முன்னால் இழுத்தது. கடினமான சரிவுகளைக் காலாண்டுத் தேர்வு நடக்கும்போதே முடித்துவிட்டோம். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. பள்ளி விடுமுறை மழை மாதிரி சொல்லாமல் வருவதில்லை. தேதி முன்பே தெரிந்த ஒன்றுக்கு நாம் ஒவ்வொரு வருடமும் திடுக்கிட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த யோசனை அந்தப் பெண்களிடமிருந்து வந்தது. ஏழு பேரும் ஒரே தெருவையும் அடுத்த தெருவையும் சேர்ந்தவர்கள். "ஐந்து பேர் வர்றோம், இரண்டு பேர் எல்லார் பிள்ளைகளையும் பாத்துக்கறோம், நாள் மாத்தி நாள் மாத்திக்கிறோம். ஆனா வீட்ல இருக்குறவங்களுக்குக் கூலி போயிருமே, தம்பி" என்றார்கள். முதலாளியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பிள்ளை பார்ப்பவர்களுக்கு அன்றைய கூலியில் பாதி தருகிறேன் என்றார். அந்த வாரம் ஏழு பெயரில் தினமும் ஐந்துக்கு நேராக வேலைக் கணக்கு எழுதினேன். மீதி இரண்டுக்கு நேராக என்ன எழுதுவது என்று தெரியாமல் 'பிள்ளைப் பொறுப்பு' என்று எழுதினேன். அதற்கு முன் அந்தப் பேரேட்டில் அப்படி ஒரு தலைப்பு இருந்ததில்லை.

ஏழு பேர் என்பதால் இது முடிந்தது. அறுபது, எழுபது பேர் வரும் தோட்டத்துக்கு இன்னும் ஒழுங்கான ஏற்பாடு வேண்டும். புதிய சட்டத் தொகுப்பு, பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொதுக் காப்பகம் நடத்தலாம் என்று அனுமதிக்கிறது. அதைச் சிறு குழந்தைகளுக்காக எழுதியிருக்கிறார்கள். அதே வழியில் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு விடுமுறைக் கூடம் நடத்துவதை யாரும் தடுக்கவில்லை. ஏலமலையில் சின்னத் தோட்டங்கள் ஏராளம். தனித்தனியாக யாராலும் செய்ய முடியாது. ஐந்தாறு பேர் சேர்ந்தால் முடியும்.

கூடம் மலையில் வேண்டாம், பிள்ளைகள் இருக்கும் ஊரிலேயே இருக்கட்டும். ஜீப்பில் பிள்ளைகளையும் திணித்து வளைவுகளில் ஏற்றி இறக்குவது ஆபத்து. ஊரில் சமுதாயக் கூடமோ கோயில் மண்டபமோ இருக்கும். ஆள் தேடவும் கஷ்டமில்லை. கொரோனாவுக்குப் பிறகு 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்கள் பலர் அந்தந்தத் தெருவில் படித்த பெண்கள்தான். பிள்ளைகளுக்கும் அவர்களைத் தெரியும்.

செலவை உத்தேசமாகப் பார்ப்போம். 20 அம்மாக்களின் 30 பிள்ளைகள். பார்த்துக்கொள்ள இரண்டு பேர், சமைக்க ஒருவர், ஆளுக்கு 500 ரூபாய் என்றால் 1,500. பிள்ளைக்குச் சாப்பாடு 50 ரூபாய் வீதம் இன்னொரு 1,500. நாளுக்கு 3,000 ரூபாய். காலாண்டு விடுமுறையில் ஏழு வேலை நாளுக்கு 21,000. ஐந்து தோட்டங்கள் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் 4,200. ஊருக்கு ஊர் தொகை கூடும், குறையும். ஆனாலும் பழுத்து வெடித்த காயால் ஒரு வாரத்தில் இழப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க முதலாளிகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தச் செலவைத் தாய்மார்களின் கூலியில் பிடிக்கக் கூடாது. பிடித்தால் அந்தக் கூடத்துக்குப் பிள்ளை வராது, பழையபடி பெரியவள்தான் பார்த்துக்கொள்வாள்.

கூடம் நடத்த முடியாதவர்களும் செய்யக் கூடியவை இருக்கின்றன. லீவு வாரத்தில் மட்டும் ஒரு ஜீப் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பி, ஒரு மணி நேரம் முன்னதாகத் திரும்பட்டும். அதில் வருபவர்களுக்கு நேரத்துக்கு ஏற்ற கூலி. பிள்ளை எழுந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வர அது உதவும். முழு நாள் இழப்பதைவிட முக்கால் நாள் கிடைப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

போன் விஷயம் சின்னதாகத் தெரியும். மலையில் பல சரிவுகளில் சிக்னல் கிடைக்காது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் அம்மாவால் வீட்டுக்குப் பேச முடியும், அதுவும் காய் காயவைக்கும் ஸ்டோர் பக்கம் நடந்து வந்தால். லீவு நாளில் பதினொரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை ஸ்டோரிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ பேச விடலாம். அலுவலக எண்ணை வீட்டில் எழுதி ஒட்டச் சொல்லலாம். எங்கள் இடத்தில் அந்த எண்ணுக்கு ஒரு முறை ஒரு பையன் கூப்பிட்டு, தங்கச்சிக்குக் காய்ச்சல் என்றான். அம்மாவை உடனே இறக்கி அனுப்ப முடிந்தது.

அப்பாக்களையும் கேளுங்கள். மருந்து அடிக்கவும், கவாத்துக்கும், மூட்டை தூக்கவும் ஆண்கள் வருகிறார்கள். அவர்களுக்கும் அதே பிள்ளைகள்தான். லீவு வாரத்தில் யார் யாருக்குப் பள்ளிப் பிள்ளைகள் என்று பட்டியல் எடுக்கும்போது பெண்களின் பெயர் மட்டும் எழுதினால், லீவு அம்மாவின் பொறுப்பு என்று நாமே முத்திரை குத்துகிறோம்.

கோடையில் ஏலத்தோட்டத்தில் வேலை குறைவு என்பதால் நெருக்கடி வேறு மாதிரி. மே மாதக் கடைசியில் நோட்டு, செருப்பு, பஸ் பாஸ் என்று செலவு வந்து நிற்கும், கையில் கூலி இருக்காது. கேரளத்தில் ஓணத்துக்கு முன் போனஸ் கொடுப்பது வழக்கம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் வீட்டுக்கு ஜூனில் ஒரு முன்பணம் கிடைத்தால் அதைவிட உதவியாக இருக்கும். சீசனில் சிறுகச் சிறுகக் கழித்துக்கொள்ளலாம்.

மற்ற எல்லைகளில்

மூணாறு, வண்டிப்பெரியாறு போன்ற இடங்களில் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) குடியிருந்து தேயிலைத் தோட்ட வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் காலண்டர் முரண் பெரிதாக இல்லை. பிள்ளைகள் அங்கேயே தமிழ்வழிப் பள்ளியில் படிக்கிறார்கள். அம்மாவின் ஓணமும் பிள்ளையின் ஓணமும் ஒன்று. அவர்களுக்குச் சிக்கல், கனமழை எச்சரிக்கை வந்து மாவட்ட ஆட்சியர் முந்தின நாள் இரவு பள்ளிக்கு விடுமுறை அறிவிக்கும் நாளில். பள்ளிக்கு லீவு, கொழுந்து எடுப்புக்கு லீவு இல்லை. மழைக்குப் பயந்து பள்ளியை மூடும் நாளில் பிள்ளையை லயத்தில் தனியாக விட்டுவிட்டு வரச் சொல்வது எந்த நியாயத்திலும் சேராது.

வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோடு ஆலைகளுக்குக் கோவைப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் வசதிதான் முக்கியம். கணவனும் மனைவியும் ஒரே ஆலையில் இருந்தால், லீவு காலத்தில் இருவருக்கும் ஒரே ஷிப்ட் போடாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். வடக்கே ஆரம்பாக்கம், தடா, ஸ்ரீசிட்டி வட்டாரத்திலும் இதே கதை, வேறு தேதிகளில். ஆந்திரத்தில் தசராவுக்கும் சங்கராந்திக்கும் நீண்ட விடுமுறை. கோடை முடிந்து ஜூன் 12 வாக்கில் பள்ளி திறக்கும்.

தேதிகள் இனியும் நகரலாம். கோடை விடுமுறையை மழைக்காலமான ஜூன், ஜூலைக்கு மாற்றலாமா என்று கேரளக் கல்வி அமைச்சராக இருந்த வி. சிவன்குட்டி 2025 ஜூலையில் பொது விவாதத்துக்கு வைத்தார். அப்படி ஒரு நாள் வந்தால், கேரளத்தில் குடியிருக்கும் பிள்ளைகளின் நீண்ட விடுமுறை காய் எடுப்புத் தொடங்கும் மாதத்தோடு மோதும். கம்பத்துப் பிள்ளைகள் அப்போது பள்ளியில் இருப்பார்கள். இரண்டு காலண்டரையும் சேர்த்துப் பார்க்காத தோட்டம் அன்றைக்கு இன்னும் திணறும்.

யார் முதலாளி?

இத்தனையும் முதலாளி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொண்டு சொன்னேன். ஜீப்பில் போகும் பல பெண்களுக்கு இன்றைக்கு ஒரு தோட்டம், அடுத்த வாரம் இன்னொரு தோட்டம். ஜீப்காரரோ ஆள் பிடிக்கும் கங்காணியோ எங்கே கூட்டிப் போகிறாரோ அங்கே வேலை. எந்த முதலாளியைப் போய் லீவு கேட்பது? காலாண்டில் ஒரு வாரம் நின்றால் அந்த இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. அந்தப் பயத்தில்தான் பெரியவளிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டு வருகிறார்கள்.

தோட்ட முதலாளிகள் ஜீப்காரரிடம் பேசும்போது எத்தனை ஆள் என்று மட்டும் கேட்கிறார்கள். அதோடு இரண்டு விஷயம் சேர்த்துப் பேசலாம். காலாண்டு லீவில் நின்ற ஆளுக்கு அடுத்த வாரம் ஜீப்பில் அதே இடம் உண்டு என்று வாக்கு வாங்கலாம். எந்த வீட்டில் எத்தனை பள்ளிப் பிள்ளைகள் என்ற பட்டியலை அவரிடமே கேட்கலாம். விடியற்காலையில் ஒவ்வொரு தெருவிலும் ஹாரன் அடித்து நிறுத்துகிறவர் அவர்தான். எந்த வீட்டு வாசலில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு பிள்ளை அம்மாவுக்குக் கையசைக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.